வாடகை ஒப்பந்தத்தில் மின்னணுக் கையொப்பம்: வீட்டுச் சொந்தக்காரர் அறிய வேண்டியவை

நிலமும் மாடும் மட்டுமே கிராமக் குடும்பத்தின் சொத்து என்றிருந்த நிலை மாறி வருகிறது. தொழிற்பேட்டைகளும் கல்லூரிகளும் நெடுஞ்சாலைகளும் அருகில் வந்துவிட்ட ஊர்களில், வீட்டின் பின்புறத்தில் இரண்டு அறைகளைக் கட்டி வாடகைக்கு விடுவோர் பலர். விளைச்சலில் மிச்சம் பிடித்துப் பக்கத்து நகரில் ஒரு சிறு வீட்டை வாங்கி, அதன் வாடகையை முதுமைக்கு ஆதாரமாகக் கொண்டுள்ள விவசாயிகளும் உளர். மழை பொய்த்த ஆண்டிலும் மாதம் பிறந்தால் கைக்கு வருகின்ற இவ்வருவாய் சிறிதாயினும் உறுதியானது. ஆனால் அவ்வுறுதி, வாடகை ஒப்பந்தம் ஒழுங்காக அமைந்திருக்கும் வரையில்தான் நிலைக்கும்.

முன்னாளில் வாடகைப் பேச்சு திண்ணையிலேயே முடிந்தது. பின்னர் முத்திரைத்தாள் வாங்கி, எழுத்தரைக் கொண்டு எழுதுவித்து, இரு தரப்பினரும் கையொப்பமிடும் வழக்கம் வந்தது. இன்றோ, சொந்தக்காரர் வயலில் நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போதே ஒப்பந்தம் அவருடைய கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆறு இலக்க எண் ஒன்றைச் சொன்னால் கையொப்பம் முடிந்துவிடுகிறது. நகரத்துக்குப் போய்வரும் செலவும் ஒரு நாள் வேலையும் மிச்சமாகின்றன. இவ்வசதியை நாம் வரவேற்கிறோம். எனினும், செயல் எளிதாகிவிட்டதால் அதன் விளைவும் இலேசாகிவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு. அத்தவறு நேராதபடி காத்துக்கொள்ளும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு விவசாயியின் அனுபவம்

சில மாதங்களுக்கு முன்னர் நமது ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு முதிய விவசாயி வந்தார். நகரில் அவருக்கு ஒரு வீடு உண்டு. அதனைத் தொழிற்சாலையில் பணிபுரியும் ஓர் இளைஞருக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருந்தார். முன்பணமாக அவர் பெற்றது மூன்று மாத வாடகையான 24,000 ரூபாய். ஒப்பந்தத்தைத் தயாரித்தவர் ஒரு தரகர். “உங்கள் கைபேசிக்கு ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள்” என்று தரகர் தொலைபேசியில் கேட்க, நாற்று நடவில் இருந்த பெரியவரும் அவ்வாறே சொல்லிவிட்டார்.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. இளைஞர் வேறு ஊருக்கு மாற்றலாகி வீட்டைக் காலி செய்ய முற்பட்டபோது, அவருடைய நண்பர் ஒருவர் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். அதில் முன்பணம் 80,000 ரூபாய் என்றிருந்தது. வேறு யாருக்கோ எழுதிய பழைய படிவத்தில் பெயர்களையும் வாடகையையும் மாற்றிய தரகர், முன்பணத் தொகையை மாற்ற மறந்திருந்தார். சொந்தக்காரரும் படிக்கவில்லை, குடியிருந்தவரும் படிக்கவில்லை. “ஒப்பந்தத்தில் உள்ளபடி கொடுங்கள்” என்று இளைஞரின் உறவினர் வற்புறுத்தினர். வித்தியாசம் 56,000 ரூபாய். சிறு விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முன்பணம் வங்கி வழியாகச் செலுத்தப்பட்டிருந்ததால், கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி பெரியவரைக் காப்பாற்றியது. இளைஞரும் நேர்மையானவர், கொடுத்தது 24,000 ரூபாயே என்று ஒப்புக்கொண்டார். வழக்குக்குப் போகாமல் காரியம் முடிந்தது. ஆனால் அன்று பெரியவர் நம்மிடம் கேட்ட கேள்வியை மறப்பதற்கில்லை. “நான் கையெழுத்தே போடவில்லையே ஐயா, எண்ணைத்தானே சொன்னேன்?” என்றார் அவர். கிராமங்களில் பலருடைய உள்ளத்திலும் இக்கேள்வியே இருக்கிறது. எண்ணைச் சொன்னதே கையொப்பமிட்டதாகும் என்பதுதான் இதற்கு விடை.

கைநாட்டும் கடவு எண்ணும்

எழுதப் படிக்கத் தெரியாத நாளில், வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த குடும்பங்களின் கதை எந்த ஊரிலும் உண்டு. “என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விரலைக் கொடுக்காதே” என்பது பெரியோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த பாடம். முதியோர் கல்வி வகுப்புகளிலும் முதலில் கற்பித்தது தம் பெயரை எழுதுவதைத்தான்.

அப்பாடம் இன்றும் மாறவில்லை. விரலின் இடத்துக்குக் கைபேசி எண் வந்திருக்கிறது, அவ்வளவே. ஒருமுறை மட்டும் பயன்படும் கடவு எண்ணை மக்கள் ஓடிபி என்கின்றனர். ஆதார் வழியாகக் கையொப்பமிடும்போது வருகின்ற அவ்வெண்ணே இன்றைய கைநாட்டு. படிக்காத ஒப்பந்தத்துக்கு அவ்வெண்ணைச் சொல்வது வெற்றுத்தாளில் விரல் பதிப்பதற்கு ஒப்பாகும்.

சட்டம் கூறுவது யாது?

நமது நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கையொப்பம் தேவைப்படும் ஆவணத்தில், சட்டம் ஏற்றுக்கொண்ட முறையில் இடப்படும் மின்னணுக் கையொப்பம் போதுமானது என்று அது கூறுகிறது. 2008-இல் நிறைவேறி 2009-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மின்னணு முறையில் செய்துகொண்டது என்ற காரணத்தினாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்பதைத் தெளிவாக்கியது. ஆதாரைக் கொண்டு மின்னணுக் கையொப்பமிடும் முறை 2015-ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்றது.

எல்லா ஆவணங்களுக்கும் இச்சட்டம் பொருந்துவதில்லை. உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றைத் தாளிலேயே செய்தல் வேண்டும். அதிகாரப் பத்திரமும், நிதி நிறுவனங்கள் தொடர்பான சில இனங்கள் நீங்கலாக, அவ்வாறே. அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தமும் முன்னர் இவ்விலக்குப் பட்டியலில் இருந்தது. 2022-ஆம் ஆண்டில் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இதனைக் கொண்டு, கிரயப் பத்திரத்தைக் கைபேசியிலேயே முடித்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கிரயத்துக்குப் பதிவு அலுவலகப் பதிவு இன்றியமையாதது.

கையொப்பம் எவ்வாறு அமைகிறது?

அறுவடைக் காலத்தில் களத்து நெற்குவியலின் மேல் சாணிப்பாலால் குறியிட்டு வைப்பது நமது பழைய வழக்கம். இரவில் யாரேனும் குவியலில் கைவைத்தால் குறி கலைந்துவிடும். காலையில் வந்து பார்க்கும் சொந்தக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். மின்னணுக் கையொப்பத்தின் அடிப்படையும் இதுவே.

ஒப்பந்தத்தின் எழுத்துகள் அனைத்தையும் கணினி ஒரு கணித முறையால் சுருக்கி, ஒரே ஒரு நீண்ட குறியீடாக ஆக்குகிறது. ஒப்பந்தத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அக்குறியீடு முற்றிலும் மாறிவிடும். கையொப்பமிடுபவருக்கு உரிய இரகசிய விசையைக் கொண்டு அக்குறியீடு முத்திரையிடப்படுகிறது. விசை இன்னாருடையது என்பதற்குச் சான்றளிக்கும் நிறுவனங்கள் மத்திய அரசின் சான்றளிப்பு அதிகாரிகளுக்கான கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்றவை. ஆதார் முறையில், கடவு எண்ணைச் சொன்னதும் அந்த ஒரு கையொப்பத்துக்கென்றே விசை உண்டாக்கப்பட்டு, பின்னர் அழிக்கப்படுகிறது.

இங்கே விவசாயப் பெருமக்கள் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கையொப்பச் சேவை நிறுவனத்துக்கு உங்கள் ஒப்பந்தம் செல்வதில்லை. அதன் சுருக்கக் குறியீடு மட்டுமே செல்கிறது. ஒப்பந்தத்தில் 24,000 என்றிருக்கிறதா, 80,000 என்றிருக்கிறதா என்பது அந்நிறுவனத்துக்குத் தெரியாது. பதிவு அலுவலகத்திலே, “இதனை எழுதிக் கொடுத்தது நீர்தானா?” என்று சார்பதிவாளர் நேரில் கேட்கிறார். கைபேசியில் அவ்வாறு கேட்பவர் எவருமில்லை. குறி கலையாமல் காப்பது கணினியின் வேலை. குவியலில் இருப்பது நெல்லா பதரா என்று பார்ப்பது உங்கள் வேலை.

கையெழுத்தைப் படம் பிடித்து ஒப்பந்தத்தின் அடியில் ஒட்டி அனுப்புவதையும் சிலர் மின்னணுக் கையொப்பம் என்கின்றனர். அது வெறும் படமே. யாரும் அதனை வெட்டி எடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டிவிட முடியும். பின்னர் தகராறு வந்தால், அதனை ஒட்டியவர் யார் என்பதை வேறு சாட்சியங்களைக் கொண்டே மெய்ப்பிக்க நேரும். உண்மையான மின்னணுக் கையொப்பம் உள்ள கோப்பைக் கணினியில் திறந்தால், கையொப்பமிட்டவர் பெயர், நாள், நேரம், சான்றளித்த நிறுவனம் ஆகிய விவரங்களைக் காணலாம். கையொப்பத்துக்குப் பின்னர் கோப்பு மாற்றப்பட்டதா என்பதும் அங்கேயே தெரியும்.

முத்திரையும் பதிவும் வேறு

மின்னணுக் கையொப்பம் இட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. கையொப்பம், முத்திரைத் தீர்வை, பதிவு ஆகிய மூன்றும் தனித்தனியானவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

முதலாவதாக, முத்திரைத் தீர்வை. ஒப்பந்தம் தாளில் இருந்தாலும் மின்னணுக் கோப்பாக இருந்தாலும் வாடகைப் பத்திரத்துக்கு உரிய தீர்வையைச் செலுத்துதல் வேண்டும். கையொப்பமிடும் முன்னரோ கையொப்பமிடும்போதோ முத்திரை இருக்க வேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின் விதி. ஆகவே மின்முத்திரைச் சான்றைப் பெற்று ஒப்பந்தத்துடன் இணைத்த பின்னரே கையொப்பமிடுவது முறை. போதிய முத்திரையில்லாத பத்திரத்தை, குறைந்த தீர்வையையும் அதன் பத்து மடங்கு வரையிலான தண்டத் தொகையையும் செலுத்தாமல் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட இயலாது.

இரண்டாவதாக, பதிவு. ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டை விடும் பத்திரத்தை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் நாடெங்கும் வழக்கத்துக்கு வந்ததன் காரணம் இதுவே. மூன்றாண்டு என்று எழுதிக் கைபேசியில் கையொப்பமிட்டுப் பதிவு செய்யாமல் விட்டால், அம்மூன்றாண்டுக் காலத்துக்கு அப்பத்திரத்தை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவதாக, வாடகை அதிகார அமைப்பில் பதிவு. நகரில் வீடு வைத்திருக்கும் கிராமத்தார் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தின் வழியே வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் பெறுதல் வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தமும் இதற்கு விலக்கன்று. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. மின்னணுக் கையொப்பமிட்டுக் கோப்பைப் பெட்டியில் பூட்டிவிட்டு, இப்பதிவை மறந்துவிடுவோர் பலர். தகராறு எழும்போதுதான் அம்மறதியின் விலை தெரியும்.

கையொப்பத்துக்கு முன் படிக்க வேண்டியவை

ஒப்பந்தம் நான்கு பக்கமாயினும் பத்துப் பக்கமாயினும், சொந்தக்காரர் கீழ்க்கண்ட வாசகங்களைத் தாமே படித்தோ, நம்பிக்கைக்குரிய ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டோ தெரிந்துகொள்ள வேண்டும்.

1. பெயரும் வீடும்: இரு தரப்பினர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா? கதவு எண், தெரு, மின் இணைப்பு எண் ஆகியவை சரியா? தந்தை பெயரில் உள்ள வீட்டுக்கு மகன் பெயரில் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறதா?

2. காலம்: தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் உள்ளனவா? “தானாகவே நீட்டிக்கப்படும்” என்னும் வாசகம் எங்கேனும் நுழைந்திருக்கிறதா?

3. வாடகை: தொகை எண்ணாலும் எழுத்தாலும் ஒன்றாக உள்ளதா? எந்தத் தேதிக்குள், எவ்வழியாகச் செலுத்த வேண்டும்? மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் யார் பொறுப்பு?

4. முன்பணம்: கையில் பெற்ற தொகையே எழுதப்பட்டுள்ளதா? வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்பதும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போக எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் மேற்கண்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு.

5. உள்வாடகை: குடியிருப்பவர் வீட்டையோ அதில் ஓர் அறையையோ பிறருக்கு விடலாம் என்று எழுதப்பட்டிருக்கிறதா? உங்களுக்குச் சம்மதமில்லையெனில் அவ்வாசகத்தை நீக்கச் சொல்லுங்கள்.

6. பழுதுபார்ப்பு: கூரை ஒழுகினால் யார் செலவு? குழாய் பழுதானால் யார் செலவு? இது தெளிவாக இல்லாத ஒப்பந்தம் முதல் மழையிலேயே சச்சரவை உண்டாக்கும்.

7. காலி செய்தல்: எத்தனை மாத முன்னறிவிப்பு? இரு தரப்பினருக்கும் அது சமமாக உள்ளதா?

ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நியதி ஏதுமில்லை. தரகர்களும் இணையதளங்களும் தரும் ஆங்கிலப் படிவத்தைப் புரியாமல் ஏற்பதைவிட, தமிழில் எழுதித் தருமாறு கேட்பது நலம். பிழை கண்டால், “பிறகு திருத்திக்கொள்ளலாம்” என்னும் உறுதிமொழியை நம்பிக் கையொப்பமிடக் கூடாது. கையொப்பத்துக்குப் பிறகு கோப்பைத் திருத்தினால் குறி கலைந்துவிடும் என்பதை முன்னரே கண்டோம். அப்போது இருவரும் கூடித் திருத்த ஒப்பந்தம் ஒன்றைப் புதிதாகச் செய்வது தவிர வேறு வழியில்லை.

யார் கையொப்பமிடுவது?

கையொப்பம் ஒருவருடைய ஆளுக்கே உரியது. தந்தையின் கைபேசியை வாங்கி மகன் கடவு எண்ணை இடுவது, மகன் தந்தையின் கையெழுத்தைப் போடுவதற்குச் சமம். அன்பினால் செய்தாலும் அது முறையன்று. தந்தைக்கு இயலாதெனில், சட்டப்படி தாளில் எழுதி முறையாகச் செய்த அதிகாரப் பத்திரத்தின் பேரில் மகன் தன் பெயரிலேயே கையொப்பமிடலாம்.

வீடு உடன்பிறந்தோர் பலருக்குப் பொதுவாக இருக்குமாயின் மின்னணு முறை பெரிதும் உதவும். அண்ணன் ஊரிலும் தம்பி திருப்பூரிலும் தங்கை சென்னையிலும் இருந்தால், அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே ஒரே கோப்பில் அடுத்தடுத்துக் கையொப்பமிட முடியும். ஆனால் ஒவ்வொருவருடைய ஆதாரும் அவரவர் கைபேசி எண்ணுடன் இணைந்திருக்க வேண்டும். பெண்களின் ஆதாருடன் கணவர் எண்ணோ மகன் எண்ணோ இணைந்திருப்பது பல வீடுகளில் காணப்படும் குறை. அவ்வாறிருந்தால், அவர்கள் அறியாமலே அவர்கள் பெயரில் கையொப்பம் விழுந்துவிட இடமுண்டு. ஆதார் சேவை மையத்துக்குச் சென்று சொந்த எண்ணை இணைத்துக்கொள்வது ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு.

இ-சேவை மையத்திலோ தரகர் அலுவலகத்திலோ உதவி பெறுவது தவறன்று. ஆனால் கோப்பைத் திறந்து பார்த்த பிறகு, எதற்காக என்று கேட்டறிந்து, உங்கள் கையாலேயே எண்ணை இடுங்கள். தொலைபேசியில் கேட்கும் எவருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டாம். ஆதார் எந்த நாளில் எவ்வகையில் பயன்படுத்தப்பட்டது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளும் வசதி உண்டு. ஐயம் ஏற்பட்டால் அதனைப் பார்ப்பது நல்லது.

ஊராட்சி நிர்வாகத்தில் பொறுப்பு வகிப்போருக்கு இவ்விஷயம் புதிதன்று. மத்திய நிதிக்குழு மானியத்தை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தின் வழியே செலவிடுவதற்கு மின்னணுக் கையொப்ப விசை பயன்படுவதை அவர்கள் அறிவர். விசைக் கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, “எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது” என்று பின்னர் கூறினால் பொறுப்பு நீங்காது. பொதுப் பணத்துக்கு உள்ள அவ்விதியே சொந்த வீட்டுக்கும் பொருந்தும்.

மின்னணு முறையை விரும்பாதவர் தாளிலேயே கையொப்பமிடலாம். சட்டத்தின் பார்வையில் அது குறைந்ததன்று. அவசரப்படுத்துவோருக்கு இதனைத் துணிவுடன் சொல்லலாம்.

கையொப்பத்துக்குப் பின்

கையொப்பமிட்ட கோப்பே மூலப்பத்திரம். அதன் அச்சுப்படி வெறும் நகல். அச்சுத்தாளில் மின்னணுக் குறியைச் சரிபார்க்க இயலாது. ஆகவே கோப்பைக் கைபேசியில் ஓரிடத்திலும், மின்னஞ்சலில் ஓரிடத்திலும், பிள்ளைகளிடம் ஒரு பிரதியாகவும் வைத்திருப்பது உசிதம். தரகரிடம் மட்டும் விட்டுவைப்பது, வீட்டுப் பத்திரத்தைப் பிறர் பெட்டியில் வைப்பதற்கு ஒப்பாகும்.

நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கும் முறையை, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் வகுத்துள்ளது. அதன் 63-ஆம் பிரிவின்படி, ஆவணம் எவ்வாறு உண்டாகிச் சேமிக்கப்பட்டது என்பதற்குரிய சான்றிதழும் தேவைப்படும். மூலக்கோப்பு தொலைந்துவிட்டால் இதனைத் தருவது கடினமாகும்.

முன்பணமும் வாடகையும் வங்கி வழியாகப் பெறுவது இருவருக்கும் நன்மை. ரொக்கமாகப் பெற்றால் இரசீது கொடுத்து அடிக்கட்டையை வைத்திருத்தல் வேண்டும். ஒப்பந்த முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்னரே புதுப்பிப்பதைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. கையொப்பமிட்ட நாள் முதல் வீட்டின் அனுபவ உரிமை குடியிருப்பவருக்குச் செல்கிறது. தகராறு வந்தாலும் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதற்குச் சட்டம் இடந்தராது. வீட்டைப் பார்வையிட வேண்டுமானாலும் 24 மணி நேரத்துக்கு முன்னர் அறிவித்தல் வேண்டும். குடியிருப்பவரும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவரே. பிழையற்ற ஒப்பந்தம் அவரையும் காக்கிறது.

ஊராட்சிகளின் பங்கு

இத்துறையில் ஊராட்சிகள் செய்யக்கூடிய பணி எளியது. பெரும் பணச் செலவும் இல்லாதது. ஊராட்சிச் சேவை மையக் கட்டடத்தில் மாதம் ஒரு மாலை, வாடகைக்கு வீடு விடுவோரையும் குடியிருப்போரையும் அழைத்து ஒப்பந்தங்களைப் படித்துக் காட்டலாம். கல்லூரியில் பயிலும் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு உதவுவர். தமிழில் எழுதிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வழக்கறிஞரின் ஆலோசனை தேவைப்படும் ஏழை எளியோரை வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பிவைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் ஒன்றில் இதனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாலும் பயன் உண்டு.

நமது ஒன்றியத்தில், மேலே குறிப்பிட்ட பெரியவரின் வீட்டுக்குப் புதிய குடித்தனக்காரர் வந்தபோது ஒப்பந்தம் அவ்வாறே செய்யப்பட்டது. பெரியவர் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தார். அவருடைய பேத்தி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முன்பணத் தொகை வந்த இடத்தில் அவர் அவளை நிறுத்தி, இருமுறை படிக்கச் சொன்னார். பழுதுபார்ப்பு வாசகத்தில் ஒரு திருத்தம் சொன்னார். குடிவருபவரும் ஒப்புக்கொண்டார். திருத்தப்பட்ட கோப்பு வந்து மறுபடியும் படிக்கப்பட்ட பின்னரே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் விரலாலேயே ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்னர் எண்ணைச் சொல்லி முடித்தது அரை நிமிடத்தில்.

அந்த முக்கால் மணி நேரத்தைச் செலவிட ஒவ்வொரு சொந்தக்காரரும் பழகிக்கொள்ள வேண்டும். படித்த பிறகே எண்; எண்ணுக்கு முன் முத்திரை; எண்ணுக்குப் பின் பதிவு. இவ்வொழுங்கை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தாமும் கடைப்பிடித்து, அண்டை அயலாருக்கும் எடுத்துச் சொல்வார்களாயின், வாடகை வருவாய் கிராமக் குடும்பங்களுக்குக் கவலையின்றிக் கிட்டும்.